மகளுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கினேன்

நீங்கள் எல்லாம் பரீட்சை எழுதி, முதல் தடவையிலோ நாலாவது தடவையிலோ தேறி, வரி அதிகாரிகளாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். இனிமேல் கல்யாண வீட்டுப் பந்தியில் உங்கள் பக்கத்து இலைக்காரர் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார். வீடு வாங்கின விஷயத்தை உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வார். இதெல்லாம் பழகிவிடும்.

பயிற்சியில் நியாயமான வரி என்று ஒரு வகுப்பு எடுத்திருப்பார்கள். அதிகம் சம்பாதிக்கிறவன் அதிகம் கட்ட வேண்டும், கஷ்டப்படுகிறவனுக்குச் சலுகை கொடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நானும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். கொல்கத்தாவில் முப்பத்துநாலு வருஷம் உத்தியோகம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது வேறு. சலுகைக்குத் தகுதி வேண்டுமென்றால் முதலில் கூடவே ஆறு வக்கீல் வர வேண்டும். ஒரு கம்பெனி மலைமேல் பங்களா கட்டி, ஊழியர் நலனுக்கான செலவு என்று கழித்துக்கொண்டது. அந்த பங்களாவை எந்த ஊழியனும் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. ஏழு வருஷம் வாதாடி, கடைசியில் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நாங்கள் அவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்தோம்.

நாங்கள் குரலை உயர்த்திப் பேசுவதற்கென்று வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதில் நான் நல்லவனாக வருவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதற்கு முன்னால் என் கொள்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது கொல்கத்தாவில் தமிழர்கள் நிறைய இருக்கிற லேக் மார்க்கெட் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, ஆபீசில் ஆங்கிலம். வாசல் பலகையில் என் பெயரைப் படித்ததும் இந்த ஊர்த் தமிழர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். ‘நம்ம சார்’ என்று ஆரம்பித்து, எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்து, நம்மவர் கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா என்பதில் வந்து நிற்பார்கள். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். என் மேஜையில் தமிழ் கிடையாது. யார் தமிழில் ஆரம்பித்தாலும் வங்காளியில் பதில் சொல்வேன். எல்லாருக்கும் ஒரே நியாயம். இந்த விதியில் எனக்கு எவ்வளவு பெருமை என்று என் மனைவியைக் கேட்டால் தெரியும். வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லி அவளைச் சலிக்க வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தபோது ஒரு பட்டியல் வந்தது. கார்டன் ரீச் பக்கம் ஓர் அரசு அலுவலகம். எது என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவனுக்கும் பயம் உண்டு. அங்கே வேலை செய்கிற இருநூற்றுச் சொச்சம் பேரின் வரிக் கணக்குகள், டாலிகஞ்ச் மெட்ரோ பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து தாக்கலாகியிருந்தன. அத்தனை பேருமே, குடும்பத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரைப் பராமரிப்பதாகச் சொல்லிச் சலுகை வாங்கியிருந்தார்கள். அந்தச் சலுகைக்குச் செலவு ரசீது வேண்டாம், மொத்தமாக ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். கடைக்காரருக்கு அது போதும். திரும்பி வருகிற வரிப் பணத்தில் எனக்கு ஒரு பங்கு கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாருக்கும் ஒரு குழந்தையை ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார்.

கார்டன் ரீச்சில் ஆற்றுக் காற்று யாருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் ஜோக் அடித்தேன். ஆபீசே சிரித்தது. இன்றைக்கு அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மேலதிகாரிக்கு இதில் ஒரு பெரிய வாய்ப்பு தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. டெல்லியிலிருந்து வரும் போனை எழுந்து நின்று பேசுகிற வங்காளி, அவ்வளவுதான். இருநூறு பேரையும் தனித்தனியாக விசாரித்தால் வருஷக் கணக்காகும், ஒரு முகாம் போட்டு எழுதி வாங்கிவிடு என்றார். நான் ஒரு பக்கத்தில் வாக்குமூலம் தயாரித்தேன். ‘என்னைச் சார்ந்த மாற்றுத்திறனாளி யாரும் இல்லை. வரியைக் குறைப்பதற்காகத் தவறாகக் கோரினேன். வட்டியோடு கட்டிவிடுகிறேன்.’ ஆங்கிலத்தில் அச்சடித்து, பெயருக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தேன். இன்ஸ்பெக்டராகப் புதிதாக வந்திருந்த ஒரு பெண், கோரிக்கை உண்மையாக இருந்தால் அவர்கள் எங்கே எழுதுவார்கள் என்று கேட்டாள். அதையும் சேர்த்தால் இரண்டு பக்கம் ஆகிவிடும் அம்மா என்றேன். அவள் படிவங்களை எண்ணி அடுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அப்போது தகுதிகாண் காலம் முடியவில்லை.

முகாம் பிரமாதமாக நடந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டு மடங்கு அபராதம், வழக்கு, உங்கள் மேலிடத்துக்குக் கடிதம் என்று வரிசையில் நின்றவர்களுக்கு நான் மைக்கில் வகுப்பெடுத்தேன். கையெழுத்துப் போட்டாலும் கடிதம் போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் ஒரு நகலை அவர்களுடைய அலுவலகத்துக்கு அனுப்பினேன். யாரும் கேட்காமல், என் சொந்தச் சுறுசுறுப்பில் செய்த வேலை அது. இரண்டே நாளில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆபீசில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் முகாமுக்கு வரவில்லை. அவர் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போயிருந்தார், அவரைத் தேடச் சொல்லி எங்களுக்கு உத்தரவும் இல்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேக் மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போயிருந்தேன். கடையில் எனக்கு முன்னால் ஒருவர், நெற்றி நிறைய விபூதியோடு, ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கை மடங்கியே இருந்தது. மற்றொரு கையால் கண்ணாடி ஜாடியைத் தட்டித் தட்டி அதிலிருந்த முறுக்கைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த விபூதி நெற்றியை முகாமில் தூரத்து வரிசையில் பார்த்தது எனக்கு நினைவிருந்தது. இருநூறு பேரில் அந்த மாதிரி நெற்றி ஒன்றுதான். பட்டியலில் இருந்த ஒரே தமிழ்ப் பெயரும் அவருடையதுதான், தண்டபாணி, ஸ்டோர்ஸில் கிளார்க்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அவர் செய்த காரியத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அந்தப் பெண்ணை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். திருட்டு நகையை போலீஸ்காரன் கண்ணில் படாமல் மறைக்கிற மாதிரி.

அன்றைக்கு என் கொள்கையெல்லாம் எங்கே போயிற்றோ, தமிழில்தான் கேட்டேன்.

“யாரு தண்டபாணி இது?”

“பக்கத்து வீட்டுப் பொண்ணு சார்.”

அவள் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “அப்பா, முறுக்கு” என்றாள். குழறலாகத்தான் சொன்னாள். ஆனால் கடைக்காரனுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

தண்டபாணி சட்டென்று ஒரு கும்பிடு போட்டார். தப்பா நினைக்காதீங்க சார், தப்பா நினைக்காதீங்க சார் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எதிரே இருந்த டிபன் கடைக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணின் பெயர் உமா. பிறக்கும்போதே மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது. அவளுக்குச் சாப்பாடு ஊட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவ போர்டு டாக்டர்கள் கையெழுத்திட்ட சான்றிதழ் பத்து வருஷத்துக்கு முன்பே வாங்கியாகிவிட்டது. எல்லாரும் சேர்ந்து வரிக் கணக்கை அந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்தார்கள், கூலி குறைச்சல் என்று இவரும் கொடுத்திருக்கிறார். இருநூறு பொய்க்கு நடுவில் இவருடைய நிஜம் அகப்பட்டுக்கொண்டது.

முகாமுக்குச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். என் மேஜைக்கு வந்து, சார், எம் பொண்ணு விஷயமா ஒரு நிமிஷம் பேசணும் என்று தமிழில் ஆரம்பித்திருக்கிறார். நான் நிமிர்ந்தே பார்க்காமல், இங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரிதான், கையெழுத்துப் போட்டுவிட்டு நகருங்கள், பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று வங்காளியில் சொல்லியிருக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் நினைவு வந்தது. தமிழ்க் குரல் காதில் விழுந்ததும், ஆரம்பிச்சுட்டான்டா நம்ம ஊர்க்காரன் என்று மனதுக்குள் ஒரு எரிச்சல் பட்டேனே, அது நன்றாக நினைவு வந்தது. வங்காளியில் கெஞ்சியிருந்தால் ஒருவேளை காதில் வாங்கியிருப்பேன்.

கையைவிட்டுப் போன வரிப் பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் அவருக்கு ரிட்டயர்மெண்ட். தானும் மனைவியும் போன பிறகு மகளுக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும்படி, அவள் பெயரை இப்போதே பதிவு செய்ய விண்ணப்பம் கொடுத்திருந்தார். அதை அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. மாற்றுத்திறனாளி யாரும் இல்லை என்று வரி அதிகாரியிடம் நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, நகல் எங்களிடம் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். எந்த நகல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“இப்ப உண்மையச் சொன்னா அப்ப பொய் சொன்னேன்னு ஆகுது சார். அப்ப சொன்னதே உண்மைன்னு விட்டுட்டா, நாங்க ரெண்டு பேரும் போனதுக்கப்புறம் இவளுக்குச் சோறு கிடையாது. வரிச் சலுகையெல்லாம் எனக்கு வேண்டாம். எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்தேன் பாருங்க, அந்தப் பேப்பரை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க சார்.”

அவர் இதைச் சொல்லிக்கொண்டே அவளுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் அங்கே உட்கார்ந்திருக்க முடியாமல் காசு கொடுக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

மறுநாளே ஓடிப்போய் எல்லாவற்றையும் சரி செய்தேன் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? அதுதான் இல்லை. ஒன்பது நாள் சும்மா இருந்தேன். லேக் மார்க்கெட் பக்கமே போகாமல் அப்பளத்தை வேறு கடையில் வாங்கினேன். ஓய்வு பெற இரண்டரை வருஷம்கூட இல்லை, கிராஜுவிட்டி இருக்கிறது, மகன் கல்யாணம் இருக்கிறது, சால்வை இருக்கிறது. கையெழுத்துப் போட்டது அவர்தானே, நானா போட்டேன், படித்தவர்தானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு வாதாடினேன். வாதத்தில் ஜெயித்தும்விட்டேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

பத்தாவது நாள் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். முகாமை மற்ற ஊர்களுக்கும் மாதிரியாகக் காட்டப் போகிறார்கள், அவருடைய பதவி உயர்வு மேலே பரிசீலனையில் இருக்கிறது. எனக்குப் பைத்தியமா என்று கேட்டுவிட்டு, நிதானமாக ஒன்று சொன்னார்.

“ஒருத்தன் ஒப்புக்கொண்டது பொய் என்று நீயே எழுதிக் கொடுத்தால், மீதி இருநூறு பேரும் நாளைக்கு ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். எந்தக் குழந்தை நிஜம் என்று நீயா பார்ப்பாய்?”

அது என் வேலைதானே சார் என்று கேட்டேன். முப்பது வருஷ சர்வீஸில் அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சந்தேகம் எனக்கு வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பெயரை இதில் இழுக்காதே, எழுதுவதென்றால் உன் கையெழுத்தில் எழுதிக்கொள் என்று மட்டும் சொன்னார். இப்போது யோசித்தால் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி அது.

எழுதினேன். ஆபீஸ் ஆங்கிலம் தெரியும் அல்லவா உங்களுக்கு? ‘கவனக்குறைவு ஏற்பட்டிருக்கக்கூடும்’ என்று யாரும் செய்யாமலே தப்பு தானாக நடந்துவிடுகிற பாஷை. முதல் வரைவை அப்படித்தான் எழுதினேன். அதைப் படித்தால் எனக்கே தண்டபாணி மேல்தான் சந்தேகம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன். ‘இவர் சான்றிதழோடு வந்தார். நான் பார்க்க மறுத்தேன். உண்மையைச் சொல்ல இடமில்லாத ஒரு படிவத்தில், மிரட்டிக் கையெழுத்து வாங்கினேன். இவர் மகள் மாற்றுத்திறனாளி என்பதைச் சான்றிதழின் மூலப் பிரதியைப் பார்த்தும், நேரில் பார்த்தும் உறுதி செய்கிறேன். தவறு என்னுடையது.’ தேதி போட்டு, முத்திரை வைத்து, அவருடைய அலுவலகத்துக்கு ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன்.

எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, கொடுத்தேன். ஓய்வு பெற்றதும் எனக்குச் சேர வேண்டிய பணம் எட்டு மாதம் தாமதமாக வந்தது. பிரிவுபசார விழாவில் என்னைப் பற்றிப் பேசியவர்கள் முகாமை மட்டும் லாவகமாகத் தாண்டிப் போனார்கள்.

தண்டபாணி நியாயமில்லாமல் கட்டிய வரி அவருக்குத் திரும்பவே இல்லை. முகாமில் எல்லாரையும் அரசாங்கத்தின் எந்தத் திருத்தக் கணக்குப் படிவத்தில் கட்ட வைத்தோமோ, அதில் வரியைக் கூட்டிக் கட்டத்தான் இடம் உண்டு, குறைத்துக் கேட்க இடம் கிடையாது. அந்தப் படிவத்தை வடிவமைத்தவரும் ஒரு பக்கத்துக்குள் அடக்கப் பார்த்திருப்பார். இப்போது புது வரித் திட்டம் வந்திருக்கிறது. அதில் இந்தச் சலுகையே கிடையாது. புதுத் திட்டத்துக்கு மாறிய குடும்பங்களில் எல்லாரும் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம் போலிருக்கிறது. பங்களா கம்பெனிக்காரர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்கிறது.

இருநூறு பேரில் தண்டபாணி ஒருவர்தானா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. எல்லாக் கோப்புகளையும் மறுபடி பார்க்கலாமா என்று ஒரு தடவை கேட்டேன். வேண்டாம் என்றார்கள், இரண்டாம் தடவை கேட்கவில்லை. வரிசையில் நின்ற எத்தனையோ பேர் கையில் பிளாஸ்டிக் கவர் இருந்தது. லேக் மார்க்கெட்டுக்கு அப்பளம் வாங்க வருகிறவரை மட்டும்தான் நான் பார்த்தேன்.

என் கடிதத்துக்கு அந்த அலுவலகத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி. ‘கோப்பில் சேர்க்கப்பட்டது.’ எது செல்லும், எது செல்லாது என்று அவர்கள் சொல்லவில்லை. விண்ணப்பத்தை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. சமயம் வரும்போது முடிவு செய்யப்படும் என்று தண்டபாணியிடம் வாயால் சொல்லியிருக்கிறார்கள். ரிட்டயர் ஆகி, மகளோடும் மனைவியோடும் டாலிகஞ்ச் பக்கம் குடி வந்துவிட்டார். சமயம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அவரும் சாக வேண்டும், அவர் மனைவியும் சாக வேண்டும். அதற்கப்புறம்தான் என் கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியும். போன மாதம்கூட அவரைப் பார்த்தேன். உடம்பைப் பார்த்துக்குங்க தண்டபாணி என்றேன். நீங்களும் சார் என்றார்.

அந்தச் சமயம் வரும்போது நான் இருக்க மாட்டேன். உங்களில் ஒருவர் இருப்பீர்கள். கார்டன் ரீச்சிலிருந்து உங்கள் மேஜைக்கு ஒரு கோப்பு வரும். ஒரே பெண்ணைப் பற்றி அதில் இரண்டு தாள் இருக்கும். ஒன்றில், மகளுக்கு ஒன்றும் இல்லை என்று அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார். மற்றொன்றில், தான் செய்தது தப்பு என்று ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பான். எதை ஏற்றுக்கொள்வது என்று உங்களைக் கேட்பார்கள். உங்களுக்கு அன்றைக்கு நிறைய வேலை இருக்கும், பின்னால் ஆள் நிற்பார்கள். தயவுசெய்து இரண்டாவதை ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் பெயர் உமா. அவளால் வந்து சொல்ல முடியாது.